இடைவேளை வரை வந்த தாய்மாமன்கள்

அரைக்காணிப்பட்டிக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடும். சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் நிறைந்த உலகத்தில், சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அதனால் வரும் சேதாரத்துக்குச் சொன்னவர்கள்தான் பொறுப்பு.

அந்த ஊரில் சொரிமுத்து, வெள்ளைப்பாண்டி, மாசானம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். அப்பா கண்ணை மூடும்போது, "வீட்டை மூணு பேரும் சமமாப் பிரிச்சுக்கோங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிரித்தார்கள். மூத்தவர் சொரிமுத்துவுக்குக் கூரை. நடுவன் வெள்ளைப்பாண்டிக்குச் சுவர்கள். கடைக்குட்டி மாசானத்துக்குத் தரை. இதைவிடச் சமமாக எந்தக் கோர்ட்டும் பிரித்திருக்காது.

ஒருநாள் வெள்ளைப்பாண்டி, "அண்ணே, உங்க கூரை என் சொவத்து மேல ஓசியில உக்காந்திருக்கு" என்றான். சொரிமுத்து மானஸ்தர். அன்றைக்கே கூரையை இறக்கித் தெருவில் வைத்துவிட்டார். மறுநாள் பிடித்துக்கொண்டது மழை. "யாரைக் கேட்டு இந்தத் தண்ணி என் தரையில வந்து நிக்கி?" என்று மாசானம் கேட்டான். வார்த்தை தடித்தது. அத்தோடு மூவருக்கும் பேச்சு அறுந்தது. சொரிமுத்து தெருவில் கிடந்த கூரைக்கு அடியில் குடியிருந்தார். வெள்ளைப்பாண்டி சுவரில் சாய்ந்தபடியே தூங்கினான். மாசானம் தரையில் குடை பிடித்துப் படுத்தான். இவர்களுக்கு யாரும் பெண் கொடுக்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவசரத்துக்குப் பேச வேண்டி வந்தால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். தெருவில் நின்ற கரண்டுக் கம்பம் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது.

"ஏ கம்பமே, மாடு பயிர்ல மேயுதுன்னு அவர்ட்ட சொல்லு" என்பான் வெள்ளைப்பாண்டி.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லு கம்பமே" என்பார் சொரிமுத்து.

கம்பம் யார் பக்கமும் சாயாமல் நடந்துகொண்டது.

இந்தச் சண்டை பொறுக்காமல் உள்ளுக்குள் அழுதவன் மாசானம்தான். தாயில்லாத வீட்டில் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா செண்பகவடிவு. அவள் கொக்கரையான்குளத்து இசக்கியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், அண்ணன் தம்பி சண்டையைக் கேள்விப்பட்டதிலிருந்து பிறந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. மாசானம் மருமகளின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். "பிள்ளைக்குக் காது குத்து வச்சிருக்கு. 'கூடப் பொறந்தவன் மூணு பேரு இருந்தும் மடியில வைக்க நாதி இல்லியே'ன்னு எங்க மாமியா ஜாடை பேசுதா. மூணு பேரும் ஒண்ணா வரணும் மாசானம். ஒருத்தர் கொறஞ்சாலும் காது குத்தே கெடையாது. எம்பிள்ள மூளிக் காதோடயே வளரட்டும்."

"அவங்க எங்கூடப் பேச மாட்டாங்களேக்கா!"

"அதுக்கு வழி சொல்லுதேன். டவுன்ல 'அண்ணன் தம்பி ஆளுக்கொரு பக்கம்'னு ஒரு படம் ஓடுது. நம்ம கதையேதான். பாத்துட்டு ஒரு மூச்சு அழுதேன். போய்ப் பாருங்க. அதுல என்ன செய்யாங்களோ அதையே செஞ்சு வந்து சேருங்க."

மாசானம் கம்பத்திடம் சொன்னான். கம்பம் மற்ற இருவருக்கும் சொன்னது. தங்கை அழுதாள் என்றதும் சொரிமுத்து துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

மூவரும் அதுவரை தியேட்டர் பக்கம் போனதில்லை. உள்ளே ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து இமை கொட்டாமல் பார்த்தார்கள். படத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் உர்ரென்று ஒரு காரில் ஏறினார்கள். மூத்தவன் ஓட்டினான். நடுவன் ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. வழியில் டயர் பஞ்சரானது. திடீரென்று ஒரு பாட்டு வந்தது, மூவரும் பனிமலையில் ஆடினார்கள். எதற்குப் போனார்கள், எப்படித் திரும்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு பாலத்தில் சண்டை வந்து, மூத்தவன் கார் சாவியை ஆற்றில் வீசினான். மூவரும் மூன்று திசையில் நாலு எட்டு நடந்தார்கள். திரையில் பெரிதாக ஏதோ எழுத்து வந்தது. விளக்கு எரிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். இவர்களும் எழுந்து, வாசலில் விற்ற முறுக்கை வாங்கித் தின்றுவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள்.

வழியில் ஒரு மைல்கல்லை வைத்துக்கொண்டு விவாதம் நடந்தது.

"மைல்கல்லே, முடிவு கொஞ்சம் சோகமா இல்ல?" என்றான் மாசானம்.

"பெரிய படம்னா அப்படித்தான் முடியும்னு சொல்லு" என்றார் சொரிமுத்து. "வெளிநாட்டுல இதுக்குத்தான் பரிசே குடுக்கான்."

வெள்ளைப்பாண்டி எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன். "கடைசியில படம் எடுத்தவர் பேரு போட்டிருந்தான். இடைவேளைன்னு பேரு. நல்ல தெறமசாலி."

காது குத்து நாளும் வந்தது. ஒரு குட்டியானை வண்டியை வாடகைக்குப் பிடித்துச் சீர்த் தட்டுகளைப் பின்னால் அடுக்கினார்கள். வண்டியின் முன்பக்கம் திருஷ்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. கம்பத்தின் வேலை அதற்குப் போனது. முதல் சிக்கல் கிளம்பும் முன்பே வந்துவிட்டது. படத்தில் ஓட்டியது மூத்தவர். இங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவனோ மாசானம் ஒருவன்தான்.

"எலுமிச்சம்பழமே, ஸ்டியரிங் முன்னாடி மூத்தவர் உக்காரணும். அதை மாத்தப்படாது" என்றான் வெள்ளைப்பாண்டி.

மாற்றவில்லை. டிரைவர் சீட்டில் சொரிமுத்து உட்கார்ந்தார். அவர் மடியில் மாசானம் உட்கார்ந்து ஓட்டினான். தம்பியின் கக்கத்து வழியாக ரோட்டைப் பார்த்து முறைப்பதுதான் சொரிமுத்துவின் வேலை. வெள்ளைப்பாண்டி ஜன்னல் பக்கம் திருப்பிய முகத்தைத் திருப்பவே இல்லை. பாதி வழியில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதன்பிறகு நினைத்தாலும் திருப்ப முடியவில்லை.

எவ்வளவு தூரம் போயும் டயர் பஞ்சராகவில்லை. இறங்கி ஆணி அடிக்கத் தீர்மானித்தார்கள். படத்தில் போனது பின்பக்க இடது டயர். அது பார்க்கிறவர்களுக்கு இடதா, வண்டிக்கு இடதா என்று எலுமிச்சம்பழத்திடம் நெடுநேரம் வாதாடினார்கள். பழம் ஒரு முடிவும் சொல்லாததால் இரண்டிலும் அடித்தார்கள்.

பஞ்சர் கடைக்காரர் குனிந்து பார்த்தார். "என்னய்யா, ரெண்டு ஆணியும் செவுத்துல அடிச்ச மாதிரி நேரா எறங்கியிருக்கு?"

"ஒரு அடியில எறக்கினேன்" என்றார் சொரிமுத்து பெருமையாக.

அடுத்தது பனிமலை. நம் பக்கத்தில் வெயிலுக்குத்தான் பஞ்சமில்லை, பனிக்கு எங்கே போவது? வெள்ளைப்பாண்டியின் முகம் நிரந்தரமாக ஜன்னல் பக்கம் இருந்ததால், டீக்கடை ஓரம் நின்ற மீன் லாரி அவன் கண்ணில்தான் பட்டது. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் மூவரும் லாரியில் ஏறி, முழங்கால் வரை ஐஸில் நின்று, முரல் மீனை மிதித்து, பாட்டு தெரியாததால் வாய்க்கு வந்ததைப் பாடி ஆடி முடித்தார்கள். டிரைவர் கம்பியோடு ஓடிவந்தபோது வண்டி கிளம்பிவிட்டது. அங்கிருந்து ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று பூனைகள் வண்டியின் பின்னால் ஓடிவந்தன. கெட்டிக்காரப் பூனை ஒன்று தாவி ஏறிச் சீர்த் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

கொக்கரையான்குளத்துப் பாலத்துக்கு வந்துவிட்டார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் வாழை கட்டிய வாசல் தெரிந்தது. மைக் செட் பாட்டு கேட்டது. மாசானம் எட்டிப் பார்த்தான். அப்படியே ஒரு அழுத்து அழுத்தினால் அக்கா வீடு. ஆனால் பாலத்துக் காட்சி பாக்கி இருக்கிறதே! அதை விட்டுவிட்டுப் போய், அக்கா கேட்டால் என்ன சொல்வது?

வண்டியை நிறுத்தினான். "ஏ எலுமிச்சம்பழமே, நீ என் தம்பியே இல்லன்னு சொல்லு!" என்று சொரிமுத்து படத்தில் வந்தபடியே கத்தினார். கத்திவிட்டு வாடகை வண்டியின் சாவியை ஆற்றில் வீசினார். பிறகு அவர் வந்த வழியே திரும்பினார். வெள்ளைப்பாண்டி பாலத்துக்கு வடபக்கம் இறங்கினான். மாசானம் தென்பக்கம் இறங்கினான். மிச்சமிருந்த நாலாவது திசையில்தான் அக்கா வீடு. அந்தப் பக்கம் போக ஆள் இல்லை.

நாலு எட்டு வைத்ததும் நின்றார்கள். படம் அவ்வளவுதான்.

வெயில் ஏறியது. மைக்கில் யாரோ, "தாய்மாமன்மார் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று கூப்பிட்டார்கள். மாசானத்துக்குக் கண் கலங்கியது. அக்கா சொன்னதில் ஒன்று விடாமல் செய்தும் அக்காவைப் பார்க்க முடியவில்லையே! யோசித்துப் பார்த்தான். விளக்கு எரிந்தபிறகு முறுக்கு தின்றது நினைவுக்கு வந்தது. கரையேறி, சீர்த் தட்டிலிருந்து முறுக்கை எடுத்தான். எலுமிச்சம்பழத்திடம் சொல்லலாமென்று திரும்பினால், பூனை அதை அறுத்து உருட்டி விளையாடி ஆற்றில் தள்ளியிருந்தது. வேறு வழியில்லை.

"அண்ணே," என்றான். "முறுக்கு தின்னுதீங்களா?"

சொரிமுத்து பதில் சொல்ல ஒரு கம்பத்தைத் தேடினார். பாலத்தில் கம்பம் இல்லை. "ரெண்டாக் குடுல" என்று நேராகவே சொன்னார். சொல்லிவிட்டு, தான் சொன்னதைக் கேட்டுத் தானே அழுதார். வெள்ளைப்பாண்டியும் பக்கவாட்டில் நடந்துவந்து கையை நீட்டினான்.

அந்த நேரம் செண்பகவடிவு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "பெரியண்ணே! சின்னண்ணே! அங்க ஊரே காத்துக் கெடக்கு, இங்க நின்னு முறுக்கு தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

"படம் முடிஞ்சிட்டுக்கா" என்றான் மாசானம்.

"எங்க முடிஞ்சிச்சு? அதுக்குப் பெறவுதான மூணு பேரும் கையக் கோத்துக்கிட்டு அழுதுக்கிட்டே பாலத்துல நடந்து வாராங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நடந்தா? அவங்க கார்ல வந்தவங்கல்லா!"

"காரா?" செண்பகவடிவு வாயைப் பிளந்தாள். "நான் சோறு வடிச்சு, கொழம்பு வச்சுட்டுப் போறதுக்குள்ள பாதிப் படம் முடிஞ்சிட்டு. பிற்பாதிதான் பாத்தேன். கார் வாங்க வக்கில்லாதவங்கன்னுல்ல நெனச்சேன்!"

"சாவி ஆத்துல போயிட்டு வடிவு" என்றார் சொரிமுத்து.

"ஐயோ பாவம்! அதான் அப்படி அழுதாங்களா!"

"கடைசியில யாரு பேரு போட்டாங்க?" என்று வெள்ளைப்பாண்டி கேட்டான்.

"வணக்கம்னு போட்டிருந்துச்சு."

"அப்படியா சங்கதி! ரெண்டு பேரு சேந்து எடுத்திருக்காங்க. முன்பாதி இடைவேளை, பின்பாதி வணக்கம்."

அரைக்காணிப்பட்டி ரத்தம் எங்கே வாழ்க்கைப்பட்டாலும் மாறாது. மூவரும் கை கோத்து அழுதுகொண்டே நடந்தார்கள். பின்னால் பூனைகள் வந்தன. ஊரார் தூக்கிவந்த சீர் வரிசை மீன் வாசத்தோடு வாசலில் நுழைந்தது.

மணையைப் போட்டதும் அக்காளின் மாமியார் உதட்டைச் சுழித்தாள். "மடி ஒண்ணுதான் வேணும். எந்த மாமன் மடி?"

"என் மடி" என்றார்கள் மூவரும் ஒரே குரலில். செண்பகவடிவு பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். கூரையும் சுவரும் தரையும் மாசானத்தின் கண் முன்னால் வந்துபோயின. இன்னொரு தடவை பிரிந்தால் அவன் தாங்கமாட்டான்.

"வண்டியில வந்த மாதிரி உக்காருவோம்ணே" என்றான்.

மணையில் சொரிமுத்து உட்கார்ந்தார். அவர் மடியில் வெள்ளைப்பாண்டி. அவன் மடியில் மாசானம். அதற்கு மேலே பிள்ளை. ஆசாரி உரலைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று காது குத்தினார். பிள்ளை சிரித்தது. அடியிலிருந்து மேல்வரை மூன்று மாமன்களும் தேம்பித் தேம்பி அழுதார்கள். மடியில்லை என்று சொல்ல மாமியாருக்கு இனி வாய் ஏது?

விருந்து முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். வாழைமரத்தை ஆடு தின்றது. மச்சான்கள் மட்டும் கிளம்பவில்லை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இசக்கியப்பன் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அண்ணன்மார் எப்ப ஊருக்குப் போறதா உத்தேசம்?"

"படத்துல திரும்பிப் போற மாதிரி காட்டலியேங்க" என்றாள் அவள்.

அன்று சாப்பிடும்போது சொரிமுத்து மேலே பார்த்து, "மாப்ள, இந்தக் கூரை யாரு பங்கு?" என்று அன்பாக விசாரித்தார். இசக்கியப்பன் கையைக்கூடக் கழுவாமல் டவுனுக்கு ஓடினார்.

"ஐயா, இதுக்கு ரெண்டாம் பாகம் உண்டா? அதுல அவங்க ஊருக்குத் திரும்பிப் போவாங்களா?" என்று தியேட்டர்காரரைக் கேட்டார்.

"முதல் பாகத்துக்கே ஆள் இல்ல, நாளையோட தூக்குறோம்" என்றார் அவர்.

இசக்கியப்பன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். போகிறவர் வருகிறவர் எல்லாம், "ஒரு ஆம்பளையையே இப்படி அழ வச்சிருக்குன்னா என்ன படமா இருக்கும்!" என்று டிக்கெட் எடுத்தார்கள். கூட்டம் பிய்த்துக்கொண்டது. படம் ஓடோ ஓடென்று ஓடியது. இரண்டாம் பாகமும் எடுக்கிறார்களாம், ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். தங்கை வீட்டில் வைத்தே அண்ணன் தம்பி மூவருக்கும் கல்யாணம் நடப்பதுதான் கதை.

மூவரும் குளித்துத் தலை சீவி, பவுடர் போட்டுக்கொண்டு, இசக்கியப்பன் வீட்டு வாசலில் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைப்பாண்டிக்கு மட்டும் பக்கவாட்டில்.