சுடலைமுத்து இருமவில்லை

மடத்துச் சீடர் குழந்தைவேலுவுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான். தோட்டக்காரர் சுடலைமுத்து எப்போது இருமுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது.

சுடலைமுத்துவோ இருமுவதாகக் காணோம். ஒரு பீடி அணையும் முன் அடுத்ததைப் பற்றவைப்பார். கிணற்றடியில் பாட்டு வேறு.

சிகிச்சைக்குப் போக வண்டி வந்து நின்றது. துணைக்குச் சுடலைமுத்து என்றதும் குழந்தைவேலு ஏற மறுத்துவிட்டார். நேரே மடத்துச் சாமியிடம் போனார். இருவரும் ஏறத்தாழ ஒரே வயது. ஒருவர் குருவானார், மற்றவர் அவருக்குச் சமைத்துப் போட்டே தலை நரைத்தார்.

“பீடியைக் கையால தொட்டதில்ல சாமி. எனக்கு ஏன்?”

“டாக்டர் என்ன சொன்னார்?”

“பீடிதான் முதல் காரணமாம். ஆனா விறகுப் புகையாலயும் வருமாம். ஒண்ணுமே இல்லாமலும் சிலருக்கு வருமாம். அஞ்சு வருஷம் தாண்டுறவங்க கொஞ்சப் பேர்தானாம்.”

“சுடலைமுத்துவுக்கு?”

“மருத்துவ முகாம்ல நெஞ்சைப் படம் எடுத்தாங்க. ஒரு புள்ளிகூட இல்லையாம்! குடிச்சது அவன், தெண்டம் எனக்கா? வயிறு எரியுது சாமி. அவனுக்கும் வரணும். வந்தாத்தான் எனக்கு ஆறும்.”

சாமி கோபிக்கவில்லை. “வாரும்” என்று பூசை அறைக்குள் போனார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கற்பூரம் எரியும்போது குரு எதை வேண்டினாலும், பக்கத்தில் நிற்கும் சீடர் ‘ஆகட்டும்’ என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் பலிக்கும் என்பார்கள்.

சாமி கற்பூரம் ஏற்றினார். வாய்விட்டு வேண்டினார்.

“அப்பனே, சுடலைமுத்து நெஞ்சிலயும் அந்தக் கட்டி முளைக்கட்டும். அவரும் மூச்சுக்குத் தவிக்கட்டும்.”

குழந்தைவேலு சட்டென்று வாசல் பக்கம் பார்த்தார்.

வெளியே வண்டியருகிலிருந்து சுடலைமுத்துவின் குரல் கேட்டது. “அண்ணாச்சி, வெயில் ஏறுது. வெந்நீர் எடுத்து வச்சிட்டேன், வாங்க.”

சாமி திரும்பிப் பார்க்கவில்லை. “கற்பூரம் அணையப் போகுது. ஆகட்டும்னு சொல்லும்.”

“என்ன வேண்டுதல் சாமி இது? என் வாயால எப்படிச் சொல்லுவேன்?”

“மனசுக்குள்ள நீர் தினமும் வேண்டிக்கிட்டதுதானே. நான் வாய் மட்டும்தான் கொடுத்தேன்.”