பன்னிரண்டாவது தோசைத்திருப்பி

“இன்னும் ரெண்டு நாள் போகட்டுங்க்கா, பல்குச்சி ஆயிரும்.”

துளசிமணி தன் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது, காபி டம்ளரைக் கழுவ வந்த கணவர் சென்னியப்பனின் காதில் விழுந்தது. போனின் அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் சிரிப்பும் விழுந்தது.

அவர் டம்ளரைக் கழுவாமலே திரும்பிப் போய் பால்கனியில் உட்கார்ந்தார். தரையெல்லாம் வேப்பமரச் சீவல். கையில் பாதி செதுக்கிய தோசைத்திருப்பி. இது பதினொன்றாவது. கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். வலது ஓரம் ஒரு நூல் தடிப்பு. சீவினார். மறுபடி பார்த்தார். இப்போது இடது ஓரம் தடிப்பு.

மாலைக்குள் அது ஐஸ்கிரீம் குச்சி அளவுக்கு வந்துவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன் மகன் ஒரு நான்ஸ்டிக் தோசைக்கல் அனுப்பியிருந்தான். இரும்புத் திருப்பி பட்டால் கீறிவிடும். “மரத்துல ஒண்ணு வாங்கோணும்” என்றார் துளசிமணி. “கடையில எதுக்கு? நான் செஞ்சு தர்றேன்” என்றார் சென்னியப்பன். அன்று முதல் வீட்டில் இட்லிதான். இப்போது அக்கா திங்கட்கிழமை கரூரிலிருந்து வருகிறார். வரும்போது கடையில் ஒன்று வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டார்.

சென்னியப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. ஒரு மில்லில் முப்பத்தொரு வருடம் துணி சோதித்தவர். விளக்கு எரியும் மேஜை மேல் துணி ஓடும். பிழை கண்ணில் பட்டால் நிறுத்தி, சிவப்புச் சாக்கட்டியால் வட்டம் போடுவார். பிழை இல்லாத துணியின் ஓரத்தில் தன் எண்ணை முத்திரையாகக் குத்துவார். அவருடைய எண் 17. பதினேழு குத்திய துணி ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இந்த விஷயத்தை அவர் யாரிடமும் ஒரே ஒரு தடவை சொல்லி நிறுத்தியதில்லை.

அவருடைய குருவுக்கு வயது முப்பத்தொன்று. பெயர் நசீமா. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்துகொடுக்கும் கூடத்தில் வேலை. மரம் செதுக்குவது ஆசைக்கு. ஞாயிறுதோறும் கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு, அம்மாவைப் பார்க்க, பாசஞ்சர் ரயிலில் போவார். போகிற வழியெல்லாம் செதுக்குவார். ஒரு வருடத்துக்கு முன் எதிர் இருக்கையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்த சென்னியப்பன், இறங்கும் நேரத்தில், “எனக்கும் சொல்லித் தர்றீங்களா அம்மணி?” என்று கேட்டார். அப்படித்தான் சீடரானார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் ரயில் ஏறினார். பையில் ஒரு புதுக் கட்டை. திருப்பியின் உருவத்துக்கு ஏற்கெனவே அறுத்து வைத்தது.

நசீமா மடியில் ஒரு துண்டை விரித்து, அதன் இரண்டு முனைகளைக் கழுத்துக்குப் பின்னால் முடிந்திருந்தார். சீவல் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. உள்ளங்கை அளவு மரத்துண்டிலிருந்து ஏதோ ஒரு முதுகு எழும்பி வந்துகொண்டிருந்தது.

“என்னங்கம்மணி அது?”

“ஓணானுங்க. வஞ்சிபாளையத்துக்குள்ள வால் வந்திரும்.”

“டைம்டேபிள் போட்டா ஓணான் வரும்?”

“வண்டி ஓடுதுங்களே, அதுவும் ஓடி வருது.”

சென்னியப்பன் தன் துண்டை விரித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். எதிரில் ஒரு அம்மா மடியில் பிரஷர் குக்கரை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

சோமனூர் தாண்டும்போது வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. வஞ்சிபாளையத்தில் வால் வந்துவிட்டது. நசீமா ஓணானை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு அதன் வயிற்றில் இரண்டு சின்னக் கீறல் போட்டார். அது அவருடைய அடையாளம். அந்தக் கீறல் விழுந்தபின் அந்தப் பொருளில் அவர் கத்தி படாது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார்.

“பின்னங்கால் ஒண்ணு குட்டைங்கம்மணி.”

“ஆமாங்க. சோமனூர்ல குலுங்குச்சு.”

“குட்டைன்னு தெரிஞ்சேவா கீறல் போட்டீங்க?”

“தெரிஞ்சுதானுங்களே போடோணும். கண்ணை மூடிட்டா போடுவாங்க?”

குக்கர் அம்மா சிரித்தார். சென்னியப்பன் சிரிக்கவில்லை. தன் திருப்பியைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். கைப்பிடி நேராக வந்திருந்தது. முகம் நல்ல அகலம். இடது ஓரம் ஒரு நூல் தடிப்பு. கத்தியை அந்த ஓரத்தில் வைத்தார்.

“திருப்பூர் வந்தாச்சு. சாப்பிடலாங்க ஐயா” என்றார் நசீமா. டிபன் டப்பாவைத் திறந்தார். எலுமிச்சைச் சோறு. பையைத் துழாவினார்.

“கரண்டி கொண்டு வரலை. அதைக் குடுங்க.”

“எதைங்க?”

“கையில இருக்கறதை.”

“அம்மணி, இது இன்னும் முடியலைங்க!”

நசீமா கையை நீட்டியபடியே இருந்தார். சென்னியப்பன் கொடுத்தார்.

நசீமா தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து அதைக் கழுவினார். டப்பாவுக்குள் விட்டு ஒரு வாரு வாரினார். எண்ணெயும் மஞ்சளுமாகச் சோறு அதன் மேல் உட்கார்ந்து வந்தது. சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நசீமா டப்பா மூடியில் அவருக்கு வைத்தார். எதிரிலிருந்த அம்மாவுக்கு ஒரு இலைத்துண்டில் வைத்தார்.

“நல்லா வாகா இருக்குதே. எங்கெ வாங்கினீங்க?” என்றார் குக்கர் அம்மா.

“வாங்கலைங்க, நான் செய்யறது” என்றார் சென்னியப்பன் அவசரமாக. “இன்னும் முடியலை. இடது ஓரம் ஒரு நூல் தடிப்பு இருக்குதுங்க.”

அந்த அம்மா திருப்பியை வாங்கி, இடது ஓரத்தைப் பார்த்தார். வலது ஓரத்தைப் பார்த்தார்.

“சோறு வந்துச்சுங்களே” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

சாப்பிட்டு முடித்ததும் நசீமா திருப்பியைக் கழுவித் துடைத்துச் சீடரிடம் கொடுத்தார். வெள்ளை மரத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. சென்னியப்பன் விரலால் தேய்த்தார். போகவில்லை. கத்தியை எடுத்து விரித்தார். மெல்லிசாக ஒரு சீவு சீவினால் மஞ்சளும் போகும், தடிப்பும் போகும்.

குரு தடுக்கவில்லை. வெளியே ஓடும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்தியை மரத்தில் வைத்தபடியே சென்னியப்பன் கேட்டார்.

“எங்கெ நிறுத்தோணும்னு உங்களுக்கு எப்படித் தெரியுதுங்கம்மணி?”

நசீமா திரும்பினார்.

“போன மாசம் ஒரு பெரியவருக்குக் கடைவாய்ப் பல்லு செஞ்சேனுங்க. மேஜையில வெச்சுப் பார்த்தா ஒரு குறை சொல்ல முடியாது. நானே போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டேன்.”

“ம்.”

“டாக்டர் பொருத்தி அனுப்பினார். மறுநாள் பெரியவர் நேரா எங்க கூடத்துக்கே வந்துட்டார். ‘பல்லு அழகா இருக்குது அம்மணி, வாய்தான் மூட மாட்டேங்குது’ன்னார்.”

குக்கர் அம்மா புரையேறிச் சிரித்தார்.

“அப்புறம் என்ன பண்ணுனீங்க?”

“டாக்டர் கழட்டி அனுப்பினார். தேய்ச்சேன். கொஞ்சம் கோணலாப் போச்சு.”

“ஐயையோ.”

“அடுத்த வாரம் பெரியவர் ஒரு பொட்டலம் முறுக்கோட வந்தார். எங்க எல்லார் முன்னாலயும் ஒண்ணை எடுத்துக் கடிச்சார். அந்தச் சத்தம் கேட்டுதுங்க ஐயா, அப்பத்தான் அந்தப் பல்லு முடிஞ்சுது.”

ஈரோடு வரும்வரை சென்னியப்பனின் கத்தி மரத்தின் மேல் அதே இடத்தில் நின்றது.

திங்கட்கிழமை காலை அக்கா வந்தார். வந்ததும் பையிலிருந்து கடைத் திருப்பியை எடுத்து மேடை மேல் வைத்தார். பளபளவென்று, பிளாஸ்டிக் உறைக்குள். அதன் பக்கத்தில் சென்னியப்பன் பன்னிரண்டாவதைக் கொண்டுவந்து வைத்தார்.

துளசிமணி இரண்டையும் பார்த்தார். கணவரின் முகத்தைப் பார்த்தார். பன்னிரண்டாவதை எடுத்தார்.

கல் காய்ந்தது. மாவு சுற்றி வந்தது. ஓரம் சிவந்து எழும்பும் நேரத்தில் திருப்பியைச் சாய்த்து அடியில் விட்டார். தோசை முழுசாக மேலே வந்து, காற்றில் ஒரு கணம் நின்று, மறுபக்கம் விழுந்தது. சொய்ங் என்றது.

துளசிமணி திருப்பியை ஒருமுறை கையில் எடை பார்த்தார்.

அக்கா அதை அவரிடமிருந்து வாங்கிப் பார்த்தார்.

“மாப்ள, இடது ஓரம் தடிப்பா இருக்குதுங்களே. மஞ்சக் கறை வேற. கடையில வாங்கினதைப் பாருங்க, எப்படிச் சமமா இருக்குது.”

சென்னியப்பன் எழுந்து பால்கனிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கத்தி இருந்தது.

“போச்சு” என்றார் துளசிமணி. “இனி மறுபடியும் இட்லிதானுங்க்கா.”

சென்னியப்பன் அக்காவின் கையிலிருந்து திருப்பியை வாங்கினார். இடது ஓரத்தைப் பார்க்கவில்லை. தலைகீழாகத் திருப்பி, அதன் அகல முகத்தை நெஞ்சில் அணைத்து, கைப்பிடியைக் கையில் இறுக்கிப் பிடித்தார். கைப்பிடியின் நுனியில் கத்தியை வைத்து, தோசையின் மறுபக்கம் வேகிற நேரத்துக்குள், 17 என்று செதுக்கினார். தூளை ஊதிவிட்டுத் துளசிமணியிடம் நீட்டினார்.