உப்புச் சுமை இறக்கிய ஆண்டியப்பர்

செந்தில்வேல் இசை நாடக சபாவில் ஆண்டியப்பர் செய்துவந்த பணி திரை இழுப்பது. காலையில் குளித்து, நீறு பூசி, பாடகர்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்த பிறகு திரைக் கயிறுகளை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவார். பிரிந்த இடங்களை முறுக்கிச் சேர்ப்பார். முடிந்ததும் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

திரை எப்படி ஏறுகிறது என்று தெரிந்தால்தான் அவர் பட்ட பாடு விளங்கும். துணியின் அடியில் நீண்ட மூங்கில் ஒன்று கோத்திருக்கும். இரண்டு கயிறுகள் அந்த மூங்கிலை அடியில் அணைத்து, மேலே உருளையில் ஏறி, பக்கவாட்டில் இறங்கும். கயிற்றை இழுத்தால் மூங்கில் உருண்டுகொண்டே மேலே போகும். துணி அதில் பாய்போலச் சுருண்டுகொள்ளும். ஒரு கயிறு முந்தினால் போதும், வரைந்த அரண்மனை கோணலாகத் தொங்கும். ஏறிய திரையை நிறுத்தி வைக்கக் கயிற்றை முளையில் கட்டுவார்கள். மணல் தரையில் முளை நிற்காது. அங்கெல்லாம் ஆண்டியப்பர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, காட்சி முடியும்வரை தாமே முளையாக நிற்பார்.

ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் "முருகா" என்பார். கருவறையில் திரை விலகுவதும் இதுவும் அவருக்கு ஒன்றுதான். வேலன் வேடம் போடும் சங்கரநயினார் அவரைச் சீண்டாத நாளில்லை.

"ஏ ஆண்டி, கயித்த இழுத்தா கைலாசம் கிடைச்சிருமோவே?"

"அது தெரியாதுய்யா. கயித்த இழுத்தா சாமி தெரியுதாரு. எனக்கு அது போதும்."

மனைவியை இழந்த ஆண்டிலும் துக்கம் கழிந்த மறுநாளே கயிற்றருகே வந்து நின்றார். "வீட்டுல இருந்தா அழுதுகிட்டேதான் இருப்பேன். இங்க அவரு முகமாவது தெரியும்" என்றாராம்.

மற்ற சபாக்கள் ஊரறிந்த கதைகளையே திரும்பத் திரும்ப ஆடின. இந்தச் சபாவை நடத்திய ஆவுடையப்ப வாத்தியாரோ ஆண்டுக்கொரு புதுக்கதை கட்டுவார். இல்லையென்றால் யாரும் மேடையேற்றாத கதையைத் தேடிப் பிடித்துப் பாட்டெழுதுவார். ஒத்திகையைக் கேட்கும்போதெல்லாம் ஆண்டியப்பர் உருகுவார். "கேட்ட கதையையே கேட்டுச் சாமிக்கும் சலிச்சிருக்கும்லா? இது அவருக்கே புதுசு!"

ஆனால் ஊர்கள் உருகவில்லை. போன இடமெல்லாம் கூட்டம் பாதியில் கலைந்தது. தூத்துக்குடிக்குத் தெற்கே மணல்மேட்டுக் குமரன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது வாத்தியார் சொல்லிவிட்டார்: "இங்கயும் எடுபடலன்னா இனிப் புதுக்கதையே கிடையாது. பழசையே ஆடிப் பிழைப்போம்." ஆண்டியப்பருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஆண்டுக் கதை இது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒருத்தி காய்ச்சலில் விழுகிறாள். வராவிட்டால் வேலை போய்விடும் என்கிறான் கங்காணி. குமரன் கூலியாள் உருவில் வந்து அவளுக்குப் பதிலாக உப்புச் சுமக்கிறான்.

மாலைப் பூசை முடிந்து நாடகம் தொடங்கியது. சங்கரநயினார் கந்தல் வேட்டியோடு உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றியதும் கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

"கிரீடம் எங்கவே?"

"மயிலை வித்துட்டுக் கூலிக்கு வந்துட்டாரு போல!"

ஒவ்வொருவராக எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போனார்கள். வாத்தியார் முகம் கறுத்துத் திரையோரம் வந்தார்.

"திரையப் போடு ஆண்டி. மங்களம் பாடிருவோம்."

இதுவரை அவர் பேச்சைத் தட்டாத ஆண்டியப்பர் இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்பப் போட்டா, சாமி தலைச்சுமையோட உப்பளத்து வெயில்லயே நிப்பாரே அண்ணாச்சி. இறக்கி வைக்க வேண்டாமா?"

"நாடகம்வே அது! போடுதியா, இல்ல நாளையில இருந்து வேற இடம் பாக்கியா?"

"நாளைக்கிப் போயிருதேன். இன்னைக்கு அவரு சுமையை இறக்கட்டும்."

திரை மேலே இருக்கும்வரை நடிகர் மேடையை விட்டு இறங்கக் கூடாது என்பது அந்தச் சபாவின் வழக்கம். ஆகவே சங்கரநயினார் பல்லைக் கடித்துக்கொண்டு, வெறும் மணலைப் பார்த்துப் பாடினார். ஆர்மோனியமும் வேறு வழியின்றித் தொடர்ந்தது.

எழுந்து போனவர்கள் உப்பளக் குடியிருப்பு வழியாகத்தான் போகவேண்டும். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அங்கிருந்து யாரும் நாடகத்துக்கு வந்திருக்கவில்லை. போகிறபோக்கில் ஒருவன் கேலியாகக் கத்தினான்: "உங்க முருகன் அங்க உப்புச் சுமக்காரு, போய் ஒரு கை பிடிங்க!"

கேலியே அழைப்பாயிற்று. "நம்ம உப்பையா? சாமியா?" என்று பெண்கள் பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உப்புநீரில் வெடித்த கால்களோடு ஆண்கள் வந்தார்கள். மேடையில் வேலன் இன்னும் சுமந்துகொண்டிருந்தான். ஒரு கிழவர் கை கூப்பி, "ஐயா, பெட்டியைச் சாய்ச்சுப் பிடிங்க, கழுத்துல இறங்காது!" என்று கதறினார். சங்கரநயினார் அப்படியே சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடினார். கடைசிப் பெட்டியை இறக்கியபோது மணல் முழுக்க அழுகை. "மறுபடி மொதல்லருந்து ஆடுங்க" என்று கேட்டார்கள். மறுநாளே ஆடுவதாக வாத்தியார் வாக்களித்தார்.

ஆண்டியப்பர் மட்டும் மூட்டையைக் கட்டிவிட்டுப் படுத்தார். போகச் சொல்லியிருந்தார்களே!

விடியலில் கோயில் அர்ச்சகரின் கனவில் குமரன் தோன்றினார். "பாதிக் கதையில் நம்மை வெயிலில் விட்டுப் போகப் பார்த்தார்கள். ஒருவன் விடவில்லை. அவன் இடுப்பில் புண் இருக்கிறது. நமக்குச் சாத்திய சந்தனத்தை அதில் பூசு" என்றார்.

அர்ச்சகர் சந்தனக் கிண்ணத்தோடு ஓடிவந்தார். "கயிறு பிடிக்கிறவர் யாரு? இடுப்பைக் காட்டும்." ஆண்டியப்பர் கூச்சத்தோடு துண்டை விலக்கினார். யாரிடமும் அவர் சொல்லியிராத புண், கயிற்றின் முறுக்குத் தெரியச் சிவந்திருந்தது. வாத்தியார் அதைப் பார்த்தார். மூட்டையைத் தம் கையாலேயே அவிழ்த்தார். "எங்க போற? அடுத்த வருசக் கதைக்குப் பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்றார்.

சந்தனம் பட்டதும் ஆண்டியப்பர் சொன்னது ஒன்றுதான்: "உப்புச் சுமந்த முருகன் கழுத்துக்கும் கொஞ்சம் பூசுங்க சாமி."

சுமப்பவர் கடவுளே ஆனாலும் இறக்கிவைக்க ஒருவர் காத்து நிற்கவேண்டும் என்று நினைத்த அந்த எளியவரின் அன்பை வணங்குவோம்.