வாசல் இல்லாமல் வந்த கூடு

நீங்கள் ஆசைப்பட்டு ஒரு வீடு வாங்குகிறீர்கள். வீடு வந்து சேர்கிறது, வாசலை மட்டும் காணோம். என்ன செய்வீர்கள்? போனால் போகிறது என்று ஓட்டைப் பிரித்து உள்ளே குதித்துக் குடியிருப்பீர்களா?

ஆலங்காட்டில் பூவாயி என்ற தினைக்குருவிக்கு இந்தச் சங்கடம்தான் வந்தது.

அந்தக் காட்டில் எட்டம்மா என்று ஒரு சிலந்தி இருந்தாள். மரத்துக்கு மரம் நூல் கட்டி வைத்திருந்தாள். நம் பிள்ளைகள் இரண்டு தீப்பெட்டிகளுக்கு நடுவே நூலைக் கட்டிப் பேசி விளையாடுவார்களே, அதே மாதிரிதான். இந்த மரத்தில் பேசினால் காட்டின் அந்தக் கோடியில் கேட்கும்.

அந்த நூலில்தான் ஏலம் நடக்கும். பொருளை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. விற்கிறவர் வாயால் சொல்வதை நம்பித்தான் கேட்க வேண்டும். அதனால் எட்டம்மா சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தாள். நூலில் சொல்லும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு வைப்பாள். வாங்குகிறவர் தரும் விலையைப் பொட்டலமாகச் சுற்றித் தன்னிடமே தொங்கவிடுவாள். பொருள் சரியாக வந்தது என்று வாங்கியவர் நூலை மூன்று தடவை இழுத்தால், பொட்டலம் விற்றவருக்குப் போய்விடும். ஏழு விடியலுக்குள் வழக்குத் தீராவிட்டாலும் விற்றவருக்குத்தான்.

பூவாயி முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது. அவள் வீட்டுக்காரன் சடையனுக்குக் கூடு கட்ட வராது. பந்து மாதிரி ஆரம்பிப்பான், பாய் மாதிரி முடிப்பான். அதனால்தான் அவள் ஏலத்துக்குக் காது கொடுத்தாள்.

தாண்டவராயன் என்ற குரங்கு நூலில் கூவினான்.

"தூக்கணாங்குருவிக் கூடு! பழசுதான், ஆனா ஒரு நார்கூட அவிழலை. உள்ளே களிமண் பூச்சு. கீழே ஒரு முழத்துக்கு வாசல்குழல். குழல் நுனியில மீன்கொத்தியோட நீலச் சிறகு ஒண்ணு சொருகியிருக்கு. கொம்பேறிமூக்கன் தலைகீழா நின்னாலும் உள்ளே நுழைய முடியாது."

கொம்பேறிமூக்கன் மரமேறும் பாம்பு. போன வாரம்தான் பக்கத்துக் கிளையில் நான்கு முட்டைகளை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டுப் போயிருந்தது. பூவாயி யோசிக்கவே இல்லை. "நாற்பது தினைக்கதிர்" என்றாள். பத்து நாள் பறந்து பறந்து சேர்த்த கதிர் அத்தனையும் அது. ஏலம் அவளுக்கே படிந்தது.

மறுநாள் ஏலப் பொருள்களைச் சுமக்கும் காக்கை கூட்டைக் கொண்டுவந்து ஏரிக்கரைக் கருவேலமரத்தில் மாட்டிவிட்டுப் போனது. பூவாயி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். குழலைக் காணோம். குழல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஓட்டை ஆவென்று திறந்திருந்தது.

சடையன் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தலையை நீட்டினான். "நல்லாத்தான் இருக்கு புள்ள. ஜிலுஜிலுன்னு காத்து வருது."

"காத்து மட்டுமா வரும்?" என்றாள் பூவாயி.

அப்போதுதான் அவனுக்குப் பாம்பு ஞாபகம் வந்தது. மூக்கு சிவந்தது. "அந்தக் குரங்குப்பயலை நான் கேட்கிற கேள்வியில..." என்று நூலை அலகால் பற்றி வெடுக்கென்று இழுத்தான். ஒன்று. "எடுடா குழலை!" இரண்டு. மூன்றாவது இழுப்புக்கு அவன் தலையைத் தூக்கியபோது பூவாயி பாய்ந்து அவன் வாலைக் கவ்விக்கொண்டாள்.

"விடு புள்ள, வலிக்குது."

"இன்னொரு இழுப்பு இழுத்திருந்தா நாற்பது கதிரும் அவன் வாயில. கோபப்பட்டது போதுங்க, அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க."

அவள் நூலருகே போய் நிதானமாகப் பேசினாள். "தாண்டவராயண்ணே, கூடு வந்தது. நீங்க சொன்ன வாசல்குழல் வரலை. குழலை அனுப்புங்க. இல்லேன்னா கூட்டைத் திருப்பி எடுத்துக்கிட்டு என் கதிரை விட்டுடுங்க. எட்டம்மாக்கா, இதுக்கும் ஒரு முடிச்சுப் போடுங்க."

எட்டம்மா முடிச்சுப் போட்டாள்.

நூலில் பதில் வரவில்லை. சாயங்காலம் தாண்டவராயனே கிளை கிளையாகத் தாவி வந்து சேர்ந்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்ன தங்கச்சி, நமக்குள்ள நூல் எதுக்கு? நேர்லயே பேசிக்கலாமே. குழல் பத்திரமா என்கிட்டதான் இருக்கு. நீ முதல்ல மூணு இழுப்பு இழுத்துடு. விடிஞ்சதும் குழல் உன் வாசல்ல நிக்கும்."

"வாசலே இல்லையே அண்ணே, எங்கே நிக்கும்?"

குரங்கு கழுத்தைச் சொறிந்தான்.

"குழல் உங்ககிட்ட இருக்குன்னு இப்ப சொன்னீங்களே, அதையே நூலிலயும் ஒரு தடவை சொல்லிடுங்க" என்றாள் பூவாயி.

"தொண்டை கட்டியிருக்கு தங்கச்சி."

"இங்கே நல்லாத்தானே பேசுறீங்க?"

"நேர்ல பேசினா ஒண்ணுமில்லை. நூலில பேசினாத்தான் வலிக்குது" என்று சொல்லிவிட்டுத் தாவிப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் நேரில் போய்க் கேட்டால் அவனுக்கு வயிற்றுவலி. நான்காம் நாள் சித்தப்பா செத்துப்போனார். ஐந்தாம் நாள் அதே சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லை. பூவாயி ஒவ்வொரு விடியலிலும் நூலில் ஒரே பேச்சைச் சொல்லி ஒவ்வொரு முடிச்சாகச் சேர்த்துக்கொண்டே வந்தாள். எட்டம்மாவுக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும், "அவன் நூலில் வாயே திறக்கலையே பூவாயி. ஒரு பக்கப் பேச்சைக் கேட்டு நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது?" என்றாள்.

ஆறாம் நாள் காலையில் பூவாயிக்கு வயிறு கனத்தது. முட்டை இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. நாளை விடிந்தால் ஏழாவது விடியல், கதிரும் போய்விடும். மூங்கில் புதரில் கொம்பேறிமூக்கன் வேறு நிமிர்ந்து நிமிர்ந்து கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நூல் அதிர்ந்தது.

"அசல் தூக்கணாங்குருவி வாசல்குழல்! எந்தக் கூட்டுக்கும் பொருந்தும்! யார் கேட்கிறீங்க?"

தொண்டை கட்டியவனின் குரல்தான், கணீரென்று இருந்தது.

சடையன் துள்ளி எழுந்தான். பூவாயி சிறகால் அவன் வாயைப் பொத்தினாள். பிறகு மார்பை உப்பவைத்து, கிழட்டுப் புறா மாதிரி அடித்தொண்டையில் பேசினாள்.

"ஏம்ப்பா, குழல் அசல்தான்னு நான் எப்படி நம்புறது?"

"என்ன பெரியம்மா இப்படிக் கேட்டுட்டீங்க! ஒரு முழ நீளம். நுனியில மீன்கொத்தியோட நீலச் சிறகே சொருகியிருக்கு."

"பழசா இருந்தா இத்துப் போயிருக்குமே?"

"இத்துப்போறதா? போன வாரம் என் கையாலேயே கூட்டிலிருந்து கழட்டினேன். கூடு தனி விலை, குழல் தனி விலை. சாமர்த்தியம்னா இதுதான் பெரியம்மா."

"அட, கெட்டிக்காரப்பா நீ. அந்தக் கூட்டை யாருகிட்ட தள்ளிவிட்ட?"

"அதை ஏன் கேட்கிறீங்க. ஒரு ஏமாந்த குருவி தலையில கட்டிட்டேன்."

பூவாயி தன் சொந்தக் குரலில் பேசினாள். "அந்த ஏமாந்த குருவிதான் பேசுறேன் அண்ணே. தொண்டை சரியாயிடுச்சு போலிருக்கே."

காட்டின் நாலு மூலையிலிருந்தும் சிரிப்பு கிளம்பியது. ஆந்தை சிரித்தது, முயல் சிரித்தது, நிஜமான கிழட்டுப் புறா ஒன்று விக்கல் எடுக்கும்வரை சிரித்தது.

எட்டம்மா பழைய முடிச்சையும் புது முடிச்சையும் காலால் தடவித் தடவிப் பார்த்தாள். "அன்றைக்கும் ஒரு முழக் குழல், நீலச் சிறகு. இன்றைக்கும் அதே. கழட்டினதும் உன் வாயாலேயே வந்திருக்கு. தாண்டவராயா, பொழுது சாயறதுக்குள்ள குழலைக் கொண்டுபோய் மாட்டு. இல்லேன்னா கதிர் அவளுக்கே திரும்பிடும், நூலில் உனக்கு இனி இடமும் கிடையாது."

பொழுது சாயும் முன்னே குரங்கு வந்துவிட்டான். கருவேல முள் குத்தக் குத்தத் தலைகீழாகத் தொங்கிக் குழலை வைத்துப் பிடித்தான். எட்டம்மா தன் நூலால் சுற்றிச் சுற்றித் தைத்தாள். சடையன் எதிர்க்கிளையில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தான்.

"இடப்பக்கம் கொஞ்சம். ம்ஹூம், அது உன் இடப்பக்கம், நான் சொன்னது என் இடப்பக்கம்."

குரங்கு பல்லைக் கடித்தபடி நகர்த்தினான்.

வேலை முடிந்து எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். காத்திருந்த கொம்பேறிமூக்கன் சரசரவென்று மேலேறி, கூட்டைச் சுற்றிக் குழலில் இறங்கியது. பாதியில் பிடி நழுவியது. தொப்பென்று ஏரியில் விழுந்து, யாரும் பார்க்காத மாதிரி நீந்திப் போனது.

பூவாயி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். களிமண் பூச்சு, குழல், நீலச் சிறகு, எல்லாம் இருந்தன. அதற்குமேல் அவள் ஒரு நொடியும் தாமதிக்கவில்லை. நூலை மூன்று தடவை இழுத்தாள். கதிர்ப் பொட்டலம் குரங்கின் கைக்குப் போனது. மறுநாள் விடியலிலேயே அவள் முதல் முட்டையை இட்டாள்.

கண்ணால் காணாமல் வாங்கிய பொருள் முழுசாக வந்து சேரும்வரை 'சரி' என்று சொல்லாதீர்கள். குறை இருந்தால் கத்தாமல், கெடு தாண்டாமல், சாட்சியோடு கேளுங்கள்.

அடுத்த வாரம் தாண்டவராயன் ஒரு சுரைக்குடுக்கையை ஏலம் விட்டான். கேட்க ஒருத்தரும் இல்லை. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கருவேலமரத்தடிக்கு வந்தான்.

"தங்கச்சி, குழலை நல்லாத்தானே மாட்டிக் கொடுத்தேன்? என்னைப் பத்தி நூலில ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடேன். சின்ன முடிச்சா இருந்தாலும் போதும்."