பெருநாளின் முதல் வாய்

கிட்ட வந்து உட்காருங்கள். அரைக் காது போதாது, முழுக் காதாக வேண்டும். இந்தக் கதையில் பதில் வழியிலேயே கிடக்கிறது. பார்க்காமல் மிதித்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

கடலோரத்து ஊர் ஒன்று. அங்கே கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து தங்குவார். அப்படிப் போனவன் மொகுதூம். வாப்பா மவுத்தாகி, கண் மூடிப் பல வருஷம். உம்மா நஃபீசாவுக்கு அவன் ஒரே பிள்ளை. உம்மா வீட்டுக்கும் மாமியார் வீட்டுக்கும் நடுவில் மூன்றே தெருதான். உம்மாவுக்கு அது கடல் தாண்டின தூரம்.

அவன் கல்யாணத்திலேயே ஒரு கூத்து நடந்தது. கூட ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் சுடலைமுத்துவை, "வெள்ளி ராத்திரி கல்யாணம், வந்துரு" என்று கூப்பிட்டிருந்தான். அவனும் வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் புதுச்சட்டையும் பரிசுப் பொட்டலமுமாக வந்து நின்றான். பந்தல்காரர் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். "கல்யாணம் நேத்து ராத்திரியே முடிஞ்சிருச்சே தம்பி!" என்றார். அன்று முதல் சுடலைமுத்து சொல்வான்: "அடுத்த விசேஷத்துக்கு முந்துன நாளே பாயோட வந்து படுத்துக்கிடுதேன் அண்ணாச்சி."

நோன்பு மாதம் வந்தது. ஆரம்பத்திலேயே உம்மா அவனைப் பிடித்துக்கொண்டார்.

"மவனே, பெருநாள் பொறந்ததும் உன் வாயில முதல்ல படுறது என் கைப் பேரீச்சம்பழமாத்தான் இருக்கணும். பல்லு முளைக்காத காலத்துலயே நசுக்கி ஊட்டுனவ நான். பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா உம்மா கை கசந்திருமா?"

"உங்க கைதான் உம்மா" என்று வாக்குக் கொடுத்தான்.

பத்து நோன்பு கழிந்தது. மாமியார் செய்யிதத்து கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, இது உங்களுக்குத் தலைப் பெருநாள். அன்னைக்கு விடிஞ்சதும் நம்ம வீட்டு வட்டலப்பத்துல வாய் வச்சிட்டுத்தான் தொழப் போகணும். விடிஞ்சப்புறம் அதுக்கு முன்னால வேற வீட்டுல பச்சைத் தண்ணிகூடக் கூடாது. சொந்தமெல்லாம் வந்து நிக்கும்."

"சரி மாமி" என்றான். வாய் நல்ல வாய். எதற்கும் 'இல்லை' என்று சொல்லிப் பழகாத வாய். மாமியார் அன்றைக்கே அந்த இனிப்புக்கு வேண்டிய முட்டைக்கும் தேங்காய்க்கும் சொல்லிவிட்டார்.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இரண்டு பேரிடமும் தலையாட்டியாயிற்று. ஒரு வாக்குத் தவறினால் உம்மா ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தப் பேசாமையைத்தான் தாங்க முடியாது. இன்னொரு வாக்குத் தவறினால் மாமியார் சொந்தத்துக்கு நடுவே தலைகுனிந்து நிற்பார். உம்மாவை இங்கே காலையில் வரவழைக்கலாமா? தொழுகை முடியுமுன் சம்பந்தி வீட்டுப் படி ஏறுவது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை.

சுடலைமுத்துவிடம் யோசனை கேட்டான். "பேரீச்சம்பழத்த வட்டலப்பத்துக்குள்ள புதைச்சிரும் அண்ணாச்சி!"

"புதைக்கலாம். அது யார் கை?" என்றான் மொகுதூம். யோசனை அதோடு போயிற்று.

இருபத்தொன்பதாம் நோன்பு. மாமியார் வீட்டிலேயே நோன்பு திறந்து, அந்தி மஃரிபு தொழுத கையோடு மொகுதூமும் கடற்கரைக்குப் போனான். ஊரே அங்கே நின்று பெருநாள் பிறையைத் தேடியது. மேற்கே ஒரே மேகம். "பிறை இல்லை. முப்பதும் நிறைவு பண்ண வேண்டியதுதான்" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மொகுதூம் வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மனைவி ஹாஜரா கேட்டாள். "ஒரு நோன்பு கூடுனதுக்கா இந்த மூஞ்சி?"

எல்லாவற்றையும் கொட்டினான். யார் யார் என்ன சொன்னார்களோ அதை வார்த்தை மாறாமல் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இன்னைக்குப் பிறை தெரியாம போனது உங்க அதிர்ஷ்டம். தெரிஞ்சிருந்தா இந்நேரம் உங்க உம்மாகிட்ட வாக்குத் தவறியிருப்பீங்க."

"நான் என்ன செஞ்சேன்?"

"நாளைக்குச் சாயங்காலம் அசர் தொழுதுட்டு நேரே வீட்டுக்கு வாங்க. அது போதும்."

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இரண்டு தாய்மாரிடமும் பொய் சொல்லாமல், ஒருவர் வாக்கையும் உடைக்காமல், ஹாஜரா எப்படிக் காப்பாற்றினாள்?

விடியுமுன் எழுந்து உம்மா வீட்டுக்கு ஓடியிருப்பான் என்கிறீர்களா? பாதிதான் சரி. அதற்குள் அது முந்தின மாலையே மாமியார் வீட்டில் நோன்பு திறந்த வாயாகியிருக்கும். சுடலைமுத்து ஏன் கல்யாணத்தைத் தவறவிட்டான் என்பதை மறந்துவிட்டீர்கள். நமக்கு ராத்திரிதான் முன்னால் வரும், பகல் பின்னால். வெள்ளி ராத்திரி வியாழன் மாலையே பிறந்துவிடும். பெருநாளும் அப்படித்தான். உம்மா கேட்டது 'பெருநாள் பொறந்ததும்'. மாமியார் கேட்டது 'விடிஞ்சதும்'. முப்பது நிறைந்தால் பிறைக்குக் காத்திருக்க வேண்டாம்; மாலையில் மஃரிபு பாங்கு சொன்ன அந்த நிமிஷமே பெருநாள். மறுநாள் காலை வட்டலப்பம் மாமியார் சொன்னபடி சொந்தத்தின் நடுவே சிறப்பாகவே நடந்தது.

ஆனால் முப்பதாம் நோன்பு மாலையில் நடந்ததுதான் அழகு. ஹாஜரா தன் உம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு தூக்குவாளிக் கஞ்சியும் புருஷனுமாக நஃபீசாவின் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு வரமாட்டோம்னு சொல்ல இன்னைக்கே வந்துட்டீங்களாக்கும்" என்றார் நஃபீசா.

"பழத்தக் கையில எடுத்துக்கிடுங்க மாமி."

பாங்கு கேட்டது. "பெருநாள் பொறந்திருச்சு மாமி. குடுங்க" என்றாள் ஹாஜரா. நஃபீசாவுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் மகனைக் கிட்ட இழுத்தார். பிஸ்மி சொல்லி மகன் வாயில் பழத்தை வைத்தார்.

ஹாஜரா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குருவிக்குஞ்சு மாதிரி தானும் வாயைத் திறந்தாள்.