ஆறின தண்ணீர்

பவானி ஆற்றங்கரையில் ஓர் ஆசிரமம். அதன் பின்கட்டில், உடல் தேறிக்கொண்டிருப்பவர்களுக்கென்று ஒரு சிறிய விடுதி இருந்தது. மருத்துவமனை அனுப்பிவிட்டது, வீடு இன்னும் அழைக்கவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள் அங்கே தங்கினார்கள்.

அந்த விடுதியில் தொண்டு செய்ய விரும்பியே ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் தாண்டவமூர்த்தி ஆசிரமத்தில் சேர்ந்திருந்தார். மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர். இன்னொருவர் கட்டிலருகிலாவது தாம் பயன்பட வேண்டும் என்பது அவருடைய ஒரே விருப்பம்.

ஆசிரமத்தின் குரு சாந்தநாயகி அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தாண்டவமூர்த்தி அவரை 'அம்மா' என்றுதான் அழைத்தார். அம்மையார் அவரை 'ஐயா' என்றார்.

"விடுதி வேலையை எனக்குக் கொடுங்கம்மா."

அம்மையார் முன்கூடத்திலிருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினார். ஊர் மாறிப் போன அன்பர் ஒருவர் விட்டுச்சென்ற நீலச் சண்டை மீன், தோகை போன்ற வாலை விரித்துத் தனியாக நீந்திக்கொண்டிருந்தது.

"முதல்ல இதைப் பாத்துக்குங்க, ஐயா. இது நல்லா இருந்தா விடுதியைப் பத்திப் பேசலாம்."

மீன் ஒற்றையாக இருப்பதைக் காணத் தாண்டவமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. தமது சவரக் கண்ணாடியைத் தொட்டியின் பின்புறம் சாய்த்து வைத்தார். மீன் சட்டென்று திரும்பியது. செவுள்களைப் புடைத்து, செட்டைகளை விரித்து, கண்ணாடிக்கு முன்னால் போய் ஆடியது. மகிழ்ச்சியில் ஆடுகிறது என்று அவர் எண்ணினார்.

தொட்டிச் சுவரிலும் அடியில் கிடந்த கல்லிலும் மோதி மோதி, இரண்டொரு நாளில் அதன் வால் கிழிந்த துணியாகிவிட்டது.

சமையற்கட்டிலிருந்து வந்த சமையற்காரி அங்காத்தாள் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, துணைக்கு ஆளு வெச்சீங்களா, பங்காளியைக் கூட்டியாந்து வெச்சீங்களா?"

தாண்டவமூர்த்தி தலை குனிந்தார். அம்மையார் வந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"சவரத்துக்கு வெச்சுக்குங்க."

பிறகு, காய்ந்து விழுந்திருந்த வாதாம் மர இலை ஒன்றைக் கழுவித் தொட்டியில் இட்டார். தண்ணீர் மெல்லத் தேநீர் நிறத்துக்கு மாறியது.

"இந்தப் புண்ணை எப்படிம்மா ஆத்தறது?"

"குழாய்த் தண்ணியை ஆறவெச்சு, கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க."

குழாய்த் தண்ணீரில் மருந்து நெடி அடிக்கும். வாயகன்ற அண்டாவில் பிடித்து ஓரிரவு திறந்து வைத்தால் நெடி போய்விடும். செய்ய வேண்டியது அவ்வளவே. ஆனால் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்பதைத் தாண்டவமூர்த்தி வாழ்நாள் முழுவதும் வேதமாகக் கொண்டிருந்தவர். நின்ற வண்டியை நகர்த்தாமல் அவருக்குச் சோறு இறங்கியதில்லை.

அவர் காலையும் மாலையும் தண்ணீர் முழுவதையும் மாற்றினார். ஆறுவதற்குள் ஊற்றினார். புண்ணுக்கு நல்லது என்று ஒரு கைப்பிடி உப்பு போட்டார். தெம்புக்கு இரை கூட்டினார். உயிர் இருக்கிறதா என்று தொட்டிக் கண்ணாடியை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"மீனுக்கும் பச்சைக் கொடி காட்டிப் பாருங்க" என்றாள் அங்காத்தாள்.

மீன் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு மூலையில் அடங்கிவிட்டது. விடுதிக் கதவு தமக்கு அடைபட்டது என்றே தாண்டவமூர்த்தி நினைத்தார்.

"என்னால் ஆனதெல்லாம் செஞ்சுட்டேன்மா. இன்னும் என்ன செய்யணும்?"

அம்மையார் அங்காத்தாளை அழைத்துக் கொதிக்கும் பாலைக் கொண்டுவரச் செய்தார்.

"இதைக் கொஞ்சம் ஆத்திக் கொடுங்க, ஐயா."

தாண்டவமூர்த்தி டம்ளரிலிருந்து டவராவுக்கும் டவராவிலிருந்து டம்ளருக்குமாக, ஒரு சொட்டு சிந்தாமல், நுரை பொங்க ஆற்றிக் கொடுத்தார். அம்மையார் வாங்கிப் பருகினார்.

"நல்லா ஆத்தறீங்க. கால்ல என்ன காயம்?"

"தண்ணிக்குடம் தூக்கும்போது படியில் இடிச்சுக்கிட்டேன்மா."

"அதையும் இப்படியே ஆத்திடுங்களேன்."

தாண்டவமூர்த்தி சிரித்துவிட்டார். "அதெப்படிம்மா? பாலைத்தான் நாம ஆத்தலாம். புண்ணு அதுவா..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அம்மையார் காலி டம்ளரை அவரிடம் நீட்டினார்.

அன்றே அவர் தொட்டியிலிருந்த உப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாக எடுத்து, ஆறின தண்ணீரை மெல்ல ஊற்றத் தொடங்கினார். புதிய இலை ஒன்று இட்டார். கண்ணாடியைத் தட்டுவதை விட்டார். தட்டாத விரல்களுக்கு வேலை வேண்டியிருந்ததால், அங்காத்தாளுக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தார்.

மீன் மூலையிலிருந்து வெளியே வந்தது.

பின்னொரு காலையில், கிழிந்த வாலின் ஓரத்தில் வெளுப்பாக, நீரோடு நீராக ஏதோ படர்ந்திருப்பதைக் கண்டார். பூஞ்சையோ, அழுகலோ என்று நெஞ்சு திடுக்கிட்டது. கை உப்பு ஜாடி வரை போய்விட்டது. ஜாடியை மூடி வைத்துவிட்டு அம்மையாரை அழைத்து வந்தார்.

அம்மையார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"புது வால், ஐயா. முளைக்கும்போது இப்படித்தான் இருக்கும். நிறம் பின்னாடி வரும்."

"பழையபடியே ஆகுமாம்மா?"

"நீந்துதே."

மீன் தொட்டியின் குறுக்கே நிதானமாகப் போய்த் திரும்பியது. தாண்டவமூர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விடுதியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதுகூட அவருக்கு மறந்துபோயிருந்தது.

அம்மையாரே சொன்னார்: "விடுதிக்கு நேத்து ஒருத்தர் வந்திருக்கார். முகத்துல தீக்காயம். கட்டுப் பிரிச்சாச்சு. அறையில இருக்கற கண்ணாடியை எடுத்துடச் சொல்றார். நீங்க போங்க."

தாண்டவமூர்த்தியின் கண்கள் நிறைந்தன.

"போய் என்ன செய்யணும்மா?"

"கண்ணாடியைக் கழட்டி வைங்க. குடிக்கத் தண்ணி வைங்க. பக்கத்துல உக்காருங்க."

"உக்காந்து?"

அம்மையார் புன்னகைத்தார்.

"நாம ஆத்தறதுக்கு அவர் ஒண்ணும் பால் இல்லை, ஐயா."