சென்னையைக் கேட்ட ரவா தோசை

எங்கள் ஓட்டலின் பதினாலு கிளைகளுக்கும் சென்னையில் ஒரே கம்ப்யூட்டர் இருந்த காலம். ஆர்டர் அங்கே போய்த் திரும்பி அடுக்களைத் திரையில் தெரிந்தால்தான் தோசை ஊற்றலாம் என்பது ஜெனரல் மேனேஜர் வரதராஜனின் உத்தரவு.

ஒரு மழைநாளில் அவரே தென்காசிக் கிளைக்கு வந்து ரவா தோசை கேட்டார். சென்னைக்கான லைன் போயிருந்தது. முக்கால் மணி நேரமாகியும் சர்வர் பேச்சிமுத்து அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கல்லும் மாவும் இங்கதானய்யா இருக்கு, சென்னையை எதுக்குக் கேட்கணும்?" என்று வரதராஜன் கத்தினார்.

"அதை அப்படியே உத்தரவா எழுதிக் குடுத்திருங்க சார்" என்று அண்ணாச்சி பேனாவை நீட்டினார்.

அடுத்த மாதமே கிளைக்கொரு சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. லைன் போனாலும் அதுவே அடுக்களைக்கு ஆர்டர் சொல்லிவிடும்.

அண்ணாச்சி ஓய்வுபெற்று வெகுநாளாயிற்று. இன்றும் லைன் போனால் யாராவது அந்தப் பெட்டியைக் காட்டி, "அண்ணாச்சி இருக்காரு, பாத்துக்குவாரு" என்பார்கள்.